எரிந்த வண்டியை அவசரப்பட்டு எடைக்குப் போடாதே

பொள்ளாச்சி

அன்புள்ள அம்மிணிக்கு,

பெரியப்பா எழுதுகிறேன். நேற்று போனில் நீ பேசியதில் பாதி அழுகையிலேயே போய்விட்டது. நான் சொன்னதும் உன் காதில் ஏறியிருக்காது. கடிதமென்றால் மனது அடங்கிய பிறகு எடுத்துப் படிக்கலாம், வேண்டுமென்றால் மறுபடியும் படிக்கலாம். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

மடத்துக்குளம் தாண்டியதும் பானெட் இடுக்கில் புகை வந்திருக்கிறது. நீ வண்டியை ஓரங்கட்டினாய். சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்தினாய். பையனையும் அம்மாவையும் இறக்கி, ரோட்டோரப் புளியமரம் வரைக்கும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாய். அதற்கப்புறம்தான் திரும்பிப் பார்த்தாய். ஆயுசைப் பட்டறையில் கழித்தவன் சொல்கிறேன், இந்த வரிசையில் ஒன்றுகூடப் பிசகவில்லை. இன்ஜின் நின்றால் பெட்ரோல் பம்ப் நிற்கும். பம்ப் நின்றால் தீக்குப் புதிதாகப் பெட்ரோல் போய்ச் சேருவது நிற்கும். நீ சாவியைத் திருப்பியதுதான் மூன்று பேரும் இறங்கி ஓட அவகாசம் கொடுத்தது. உதவிக்கு ஓடிவந்த லாரிக்காரர் பானெட்டைத் தூக்கப் போனபோது நீ கத்தித் தடுத்தாயாம், உன் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் பானெட்டைத் திறந்தால் உள்ளே அடங்கி எரிகிற நெருப்புக்கு ஒரே மூச்சில் காற்று கிடைத்துவிடும், திறந்தவர் முகத்தில்தான் அது அடிக்கும். அவர் குடும்பத்துக்கும் நீ நல்லது செய்திருக்கிறாய்.

ஆனால் நீ அழுவது வேறொன்றுக்காக. டாஷ்போர்டு அறையில் இருந்த உங்கப்பனின் டிரிப் நோட்டை எடுக்கத் திரும்பி ஓடாமல் நின்றுவிட்டேனே என்கிறாய். அதை இத்தோடு விட்டுவிடு, கண்ணு. இன்ஜினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவில் இருக்கும் தகட்டில் வயர் போக, கேபிள் போக, ஸ்டியரிங் தண்டு போக ஓட்டைகள் உண்டு. அவற்றை அடைத்திருக்கும் ரப்பர் உருகியதும் தீ உள்ளே வரும். சீட்டின் நுரைப்பஞ்சும் ரெக்சினும் எரிந்து வரும் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கும், சயனைடு வாயுவும் இருக்கும். கொஞ்சம் உள்ளே இழுத்தாலே நிலை தடுமாறி அங்கேயே சாய்ந்துவிடுவாய். அந்த நோட்டில் யார் வீட்டுக் கல்யாணத்துக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடினான் என்ற கணக்கு இருந்தது. அவன் கையெழுத்து இருந்தது. எனக்கும் அவன் தம்பிதானே, அது போனது எனக்கும் வலிக்கிறது. ஆனால் சவாரி ஏற்றியவர்களைப் பத்திரமாக இறக்கிவிடுவதைத் தவிர உங்கப்பன் வேறெதையும் பெரிதாக நினைத்தவன் இல்லை. அவனுடைய பெண்ணும் பேரனும் அவன் சம்சாரமும்தான் அன்றைக்குச் சவாரி.

இரும்புதானே, போகட்டும் என்று உன் வீட்டில் சொல்கிறார்களாம். அவர்கள் உனக்குத் தைரியம் சொல்கிறார்கள், கோபப்படாதே. ஆனால் நீ அதை ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. அந்த மார்க் 4 அம்பாசடரில்தான் உன்னை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தோம். உன் கல்யாணத்துக்குப் பூச்சரம் கட்டியதும் அதற்குத்தான். அதன் கியரை உங்கப்பன் மாற்றும் சத்தத்தை வைத்தே வருவது அவன்தான் என்று தெரு முனையில் சொல்லிவிடலாம். இப்படி ஒரு பொருள் போனால் துக்கம் வரும், வரட்டும். எவ்வளவு நாள் அழவேண்டுமோ அழு. அதற்கு நான் கணக்குச் சொல்லமாட்டேன்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். வண்டி ஏன் எரிந்தது என்று சரியாகத் தெரிந்துகொள்ளாமல் அதை அனுப்பிவிடாதே.

இதற்குள் உனக்கு ஆளுக்கொரு காரணம் சொல்லியிருப்பார்கள். பழனிக்குப் போகிற வழியில் ஆனதால் முருகனுக்கு ஏதோ குறை என்பார்கள். திருஷ்டி என்பார்கள். அப்பன் போனபின் பெண்பிள்ளை ஓட்டியதால்தான் என்று சொன்ன வாயும் உண்டென்று கேள்விப்பட்டேன், அது என்னை மிகவும் வருத்தியது. நானும் ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைத்துப் பூசணிக்காய் உடைப்பவன், சாமியை மதிப்பவன். ஆனாலும் பெட்ரோல் கசிந்து, பக்கத்தில் சூடோ பொறியோ இருந்தால் யார் ஓட்டினாலும் வண்டி எரியும். காரணம் தெரியாத வரைக்கும் இந்தப் பேச்செல்லாம் உன்மேல் வந்து விழுந்துகொண்டே இருக்கும். நீயும் ராத்திரியில் புதிது புதிதாக ஒரு காரணத்தைக் கண்டுபிடித்து உன்னையே குத்திக்கொள்வாய்.

நீ அனுப்பிய படங்களைப் பார்த்தேன். பானெட்டின் இடது பக்கம், கண்ணாடிக்குப் பக்கத்தில், பெயின்ட் முழுக்கப் போய்த் தகடு வெளுத்திருக்கிறது. வலது பக்கம் முன்மூலையில் இன்னும் வெள்ளை பெயின்ட் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கண்ணாடியும் இடது பக்கம்தான் முழுக்க உதிர்ந்திருக்கிறது. இது பெரிய துப்பு. உங்கள் வண்டியில் இருப்பது பழைய 1489 சிசி பெட்ரோல் இன்ஜின். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரிலிருந்து பிறந்தது அம்பாசடர், இன்ஜினும் அந்தக் குடும்பத்ததுதான். அந்த இன்ஜினில் பெட்ரோல் சமாச்சாரம் இடது பக்கம், கரண்ட் சமாச்சாரத்தில் முக்கியமானது வலது பக்கம். அதாவது கார்புரேட்டரும், எரிந்த புகை வெளியேறும் மேனிஃபோல்டும் ஒரே பக்கத்தில், ஒன்றின்மேல் ஒன்றாக இடதில் இருக்கும். டிஸ்ட்ரிபியூட்டரும் பிளக்குகளும் வலதில் இருக்கும். கார்புரேட்டருக்குக் கீழேயே வண்டியின் மிகச் சூடான இரும்பு இருப்பது அந்த அமைப்பின் பலவீனம். மேலே சொட்டினால் நேராக அதன்மேல்தான் விழும்.

ஆகவே பெட்ரோல் பக்கம்தான் என் சந்தேகம் போகிறது. நேரில் பார்க்காமல் முடிவு சொல்லமாட்டேன். வயரிங்கில் ஷார்ட் ஆகியிருந்தால் செம்புக் கம்பியின் நுனியில் ஒரே இடத்தில் உருண்டையாக மணி திரண்டிருக்கும், அதை ஒட்டிய கம்பி ஒழுங்காகவே இருக்கும். செம்பு உருக ஆயிரம் டிகிரிக்கும் மேல் வேண்டும். வெளித்தீயிலேயே உருகியிருந்தால் கம்பி நீளத்துக்கும் இளைத்து வழிந்திருக்கும். அலுமினியம் 660 டிகிரியிலேயே உருகிவிடும் என்பதால் கார்புரேட்டர் உருகி வழிந்திருப்பதை மட்டும் வைத்து அங்கேதான் தொடங்கியது என்று சொல்லிவிட முடியாது. ஹோஸின் கிளாம்ப் எங்கே கிடக்கிறது, இறுகியிருக்கிறதா, நழுவியிருக்கிறதா, டேங்கிலிருந்து வரும் இரும்புக் குழாயில் விரிசல் உண்டா, மிதவை அறையின் ஊசி அடைத்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கவேண்டும். இத்தனையும் அந்தக் கரிக்குள்தான் இருக்கிறது. கிரேனில் தூக்கி லாரியில் போட்டால் பாதி உதிர்ந்துபோகும்.

இப்போது கொஞ்சம் கடினமான விஷயம். இரண்டு மூன்று நாளாகவே வண்டிக்குள் பெட்ரோல் வாசம் வந்துகொண்டிருந்தது என்று நீயாகவே சொன்னாய். மறைக்காமல் சொன்னதற்கு உன்மேல் மரியாதை கூடியிருக்கிறது. அதனால் நானும் மறைக்காமல் சொல்கிறேன். பெட்ரோல் வாசம் வந்த வண்டியை எடுத்திருக்கக் கூடாது. பெட்ரோல் மைனஸ் 40 டிகிரியிலேயே தீப்பிடிக்கிற அளவுக்கு ஆவி விடும் பொருள். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது, பறந்து போகாமல் இன்ஜினின் அடியில் தங்கும். ஒரு பிளக் வயரில் பொறி கசிந்தாலும் போதும், கார்புரேட்டர் வழியாக இன்ஜின் ஒருமுறை திருப்பி அடித்தாலும் போதும். உங்கப்பன் தூரப் பயணத்துக்குக் கிளம்பும் முன் பானெட்டைத் திறந்து ஹோஸ் நெடுக விரலை ஓட்டி, அந்த விரலை முகர்ந்து பார்ப்பான். நீ சின்னப் பிள்ளையாக அவன் பக்கத்தில் நின்று பார்த்திருப்பாய், அவன் என்ன செய்கிறான் என்று உனக்கு யாரும் சொல்லித் தந்திருக்கமாட்டார்கள். பழைய வண்டியைப் பெண்ணுக்குக் கொடுக்கும் வீடுகள் சாவியைக் கொடுக்கின்றன, இதைக் கொடுப்பதில்லை. இனி எந்த வண்டியாக இருந்தாலும், நேற்று வாங்கியதாக இருந்தாலும், வாசம் வந்தால் நிறுத்திவிடு. தூக்கம் கெடும்படி இதை நினைத்துக்கொண்டிருக்க வேண்டாம். நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

உன் வீட்டுக்காரர் எத்தனால் கலந்த பெட்ரோல்தான் காரணம் என்று அடித்துச் சொல்கிறாராம். முழுக்கத் தள்ளிவிட முடியாத பேச்சு அது. 2023இலிருந்து நம் நாட்டில் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் பங்க்குகளுக்கு வரத் தொடங்கியது, இப்போது எங்கும் அதுதான். அந்தக் காலத்து வண்டிகளின் ரப்பரும் கேஸ்கெட்டும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. எத்தனால் பட்டு ரப்பர் ஊதும், மெதுவாகும், பிறகு காய்ந்தால் காய்ந்த முருங்கைக்காய்த் தோல் மாதிரி வெடிக்கும். இன்னொரு வேலையும் அது செய்யும். டேங்கின் அடியில் வருஷக்கணக்காக ஒட்டியிருந்த பிசினைக் கரைத்துக் கிளப்பிவிடும். அந்தத் தூள் மிதவை அறையின் ஊசியில் போய் உட்கார்ந்தால் ஊசி மூடாது, பெட்ரோல் நிரம்பி வழியும். வழிந்தால் எங்கே விழும் என்று மேலே சொன்னேன். ஆனாலும் எத்தனாலைத் திட்டிவிட்டு விஷயத்தை முடித்துவிடக் கூடாது. எந்தப் பெட்ரோல் ஊற்றினாலும் ரப்பர் ஹோஸுக்கு ஆயுள் உண்டு. மேலே பார்க்கப் பளபளப்பாகவே இருக்கும், வளைத்துப் பார்த்தால்தான் வெடிப்பு தெரியும். உங்கள் வண்டியின் ஹோஸ் கடைசியாக எப்போது மாற்றியது என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. எனக்கு அதுதான் பெரிய காரணமாகப் படுகிறது.

அடுத்தது காகித வேலை. மனது கேட்காது, ஆனால் இதைத் தள்ளிப்போடக் கூடாது.

இன்சூரன்ஸில் ஏதாவது வருமா என்று கேட்டாய். நீ எடுத்திருப்பது தேர்டு பார்ட்டி மட்டும் என்றால் நம் வண்டி எரிந்ததற்கு ஒன்றும் வராது. சொந்தச் சேதத்துக்கும் சேர்த்து எடுத்திருந்தால்தான் தீயும், வண்டி தானாகப் பற்றிக்கொண்டதும் அதில் அடங்கும். பாலிசியை ஒருமுறை முழுக்கப் படித்துப் பார், ஏஜென்ட் வாய்வார்த்தையை நம்பாதே. போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக்கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்கு. தீயை அணைத்த நிலையத்தில் விபத்து அறிக்கைக்கு மனு கொடு. மோட்டார் வாகனச் சட்டம் 55ஆம் பிரிவுப்படி, வண்டி அழிந்துபோனால் உரிமையாளர் 14 நாளுக்குள், அல்லது முடிந்த விரைவில், ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்து ஆர்.சி.யை ஒப்படைக்க வேண்டும். ஆர்.சி. இன்னும் உங்கப்பன் பெயரில் இருந்தால் வாரிசுச் சான்றையும் எடுத்து வைத்துக்கொள்.

இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. ஒரு புரோக்கர் போன் பண்ணி, ஆர்.சி.யோடும் சேஸிஸ் நம்பர் தகட்டோடும் கொடுத்தால் எடை விலையைப்போல இரண்டு பங்கு தருகிறேன் என்றாராம். கொடுத்துவிடாதே, அம்மிணி. எரிந்த இரும்புக்கு யாரும் இரண்டு பங்கு கொடுக்கமாட்டார்கள், அவர் கேட்பது நம்பருக்கு. எங்கேயோ திருடிய இன்னொரு அம்பாசடருக்கு உங்கப்பன் வண்டியின் நம்பரைக் குத்தி ஓட்டுவார்கள். நாளைக்கு அது எங்காவது ஆளை அடித்துவிட்டுப் போனால் போலீஸ் வந்து நிற்பது உன் வாசலில். உங்கப்பன் பெயரில் ஒரு கேஸ்கூட இல்லாமல் ஓடிய வண்டி அது. அரசு அனுமதி பெற்ற வண்டி உடைக்கும் மையத்தில் கொடுத்து ஒப்படைப்புச் சான்று வாங்கு, 2021 விதிகளின்படி அந்த மையங்கள் நடக்கின்றன. பணம் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை.

அனுப்பும் முன் எடுத்துவைக்க வேண்டியதை எடுத்துவைத்துக்கொள்ளலாம். பின் கதவுகள் இரண்டும் நன்றாக இருக்கின்றன, டிக்கியைத் தீ தொடவில்லை. ஜாக்கியும், கையால் சுற்றி ஸ்டார்ட் பண்ணும் இரும்புக் கம்பியும் உள்ளே இருக்கும். கைப்பிடி பளபளவென்று தேய்ந்திருக்கும், உங்கப்பன் கை பட்டுத் தேய்ந்தது. அதை உன் வீட்டில் வை. நம்பர் பிளேட்டை மட்டும் வைத்துக்கொள்ளாதே, அது வண்டியோடு போகவேண்டியது.

இன்னொரு அம்பாசடர் வாங்கிவிடலாம் என்று உன் தம்பி ஆன்லைனில் தேடத் தொடங்கிவிட்டானாம். பாசத்தில் செய்கிறான். ஆனால் இப்போது வேண்டாம். இந்த மனநிலையில் போனால் அதே வெள்ளை, அதே மாடல் என்று முகத்தைப் பார்த்து மயங்குவாய், அடியில் துருப்பிடித்த டேங்கைப் பார்க்கமாட்டாய். மேற்கு வங்கத்து உத்தர்பாராவில் அந்தத் தொழிற்சாலை 2014 மே மாதத்தோடு நின்றுவிட்டது. சந்தையில் உள்ள எந்த அம்பாசடரும் பழைய வண்டிதான், உங்கள் வண்டிக்கு வந்த ஆபத்து அதற்கும் உண்டு. வருஷம் கழித்து உனக்கு ஆசை இருந்தால் நானே கூட வருகிறேன். அப்போது பெயின்ட் அடிப்பதற்கு முன்னால் செய்யவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். டேங்கை இறக்கிக் கழுவவேண்டும். டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரை உள்ள ரப்பர் ஹோஸ் அத்தனையையும் கழற்றி எறிந்துவிட்டு, மேலே ஜே30 ஆர்9 என்று அச்சடித்த ஹோஸாகப் பார்த்துப் போடவேண்டும், அது எத்தனாலைத் தாங்கும். கிளாம்ப்பும் புதிது. பெட்ரோல் ஃபில்டரை மேனிஃபோல்டுக்கு மேலே தொங்கவிடும் பழக்கம் நம் ஊர் மெக்கானிக்குகளிடம் உண்டு, அதை ஒத்துக்கொள்ளாதே. அந்தக் காலத்து வயரிங்கில் பியூஸ் மிகக் குறைவு, ஆளாளுக்குச் சேர்த்த ஹாரனும் பாட்டுப்பெட்டியும் அதே வயரில் தொங்கும். தனித்தனி பியூஸும், பேட்டரியை ஒரே திருப்பில் துண்டிக்கும் ஸ்விட்சும் போடவேண்டும். தீயணைப்பான் உலர்தூள் வகை, டிரைவர் சீட்டுக்குக் கீழே, கைக்கு எட்டும் இடத்தில். டிக்கியில் வைத்தால் தேவைப்படும்போது எடுக்க முடியாது. எரியும் பெட்ரோல்மேல் தண்ணீர் ஊற்றக்கூடாது, பெட்ரோல் தண்ணீருக்கு மேல் மிதந்து தீயைப் பரப்பும். அன்றைக்கு டீக்கடைக்காரர் குடத்தோடு வந்தது நல்ல மனது, ஆனால் மண்தான் உதவியிருக்கும்.

இன்னொரு வண்டி வேண்டாம் என்று தோன்றினாலும் சரிதான். அப்பனுக்குச் செய்யும் குறையாக அதை நினைக்காதே.

பையன் புகையைப் பார்த்தாலே பயப்படுகிறான் என்றாயே, அவனிடம் நடந்ததை மறைக்காமல் சொல். பெட்ரோல் ஒழுகியது, சூடான இரும்பில் பட்டது, எரிந்தது, அம்மா எல்லோரையும் இறக்கிவிட்டாள் என்று சொல். அந்த வயதுக்கு அது புரியும். பழனியில் போட இருந்த மொட்டையைத் தள்ளிப்போட வேண்டாம். உடுமலையிலிருந்து பழனிக்குப் பஸ் இருந்துகொண்டே இருக்கும், நல்ல நாள் பார்த்து மூன்று பேரும் போய் முடித்துவிட்டு வாருங்கள்.

சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் நான் வருகிறேன். கையுறை, டார்ச், பூதக்கண்ணாடி எல்லாம் என்னிடம் இருக்கிறது. அதுவரைக்கும் வண்டியின்மேல் ஒரு தார்ப்பாயைப் போட்டு மூடிவை, மழை பட்டால் தடயம் கரைந்துவிடும். யாரையும் பானெட்டைத் தொடவிடாதே, பையனைக் கிட்டே விடாதே, பேட்டரி அமிலம் சிந்தியிருக்கும். ஆர்.சி., பாலிசி, சி.எஸ்.ஆர். ரசீது மூன்றையும் இரண்டிரண்டு ஜெராக்ஸ் எடுத்து ஒரு உறையில் போட்டு வை. ஹோஸ் மாற்றிய பில் ஏதாவது உங்கப்பன் பெட்டியில் கிடக்கிறதா என்றும் தேடிப் பார்.

அன்புடன்,
பெரியப்பா